ஜெர்மானிய முன்னோரைப் பழைய பதிவேடுகளில் தேடுவது எப்படி

ஜெர்மனியில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டி வைத்த தேசியப் பட்டியல் எதுவும் இல்லை. 1871 வரை ஜெர்மனி என்ற ஒரே நாடே இல்லை. மன்னராட்சிகள், சிற்றரசுகள், சுதந்திர நகரங்கள், ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள் என்று பலவாகப் பிரிந்து கிடந்த நிலத்தில், பிறந்தவரையும் இறந்தவரையும் எழுதி வைத்தது அந்தந்த ஊர்த் திருச்சபைதான். அந்தப் புத்தகம் இன்றும் அந்தச் சபையிலோ, அது சேர்ந்த மறைமாவட்டத்தின் அல்லது மாநிலத் திருச்சபையின் காப்பகத்திலோதான் இருக்கும்.

அதனால் இணையத்தில் குடும்பப் பெயரைத் தட்டித் தேடுவது தொடக்கமே அல்ல. மூன்று விவரங்கள் கைக்கு வர வேண்டும்: எந்த ஊர், எந்தச் சமயப் பிரிவு, ஏறத்தாழ எந்த ஆண்டு. இதில் ஊர்தான் முதன்மை. ஊர் உறுதியானால் பெயரின் எழுத்துக்கூட்டல் தவறாக இருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஊர் தெரியாவிட்டால் சரியான பெயரும் உதவாது.

வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள்

பாட்டி வீட்டு அலமாரியில் இரண்டு பொருள்களைத் தேடுங்கள். ஒன்று, திருமணத்தின்போது கிடைக்கும் குடும்பப் பதிவுப் புத்தகம். ஜெர்மானியர் ஷ்டாம்பூக் என்பார்கள். மணமக்களின் விவரமும் பிள்ளைகளின் பிறப்பும் முத்திரையோடு அதில் இருக்கும். இரண்டாவது, ஆனன்பாஸ். நாஜி ஆட்சி மக்களிடம் ‘ஆரிய’ வம்சத்துக்குச் சான்று கேட்ட காலத்தில் நிரப்பப்பட்ட சிறு புத்தகம் அது. அதன் நோக்கம் கொடியது. ஆனாலும் போதகர்களும் பதிவாளர்களும் மூலப் பதிவேட்டைப் பார்த்து எண்ணிட்டு முத்திரை வைத்த பதிவுகள் அதில் இருக்கின்றன, சில குடும்பங்களில் 1800க்கு முன்வரைகூட. பின்னர் போரில் எரிந்துபோன பதிவேட்டின் ஒரே சுவடாகவும் அது இருக்கலாம். அதில் வரும் ஒவ்வொரு விவரத்தையும், மூலம் எஞ்சியிருந்தால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கத்தோலிக்கக் குடும்பமானால், குறிப்பாக பவேரியாவில், அடக்கத் திருப்பலியில் கொடுக்கும் சிறு நினைவு அட்டைகள் ஜெபப் புத்தகத்துக்குள் செருகியிருக்கும். இறந்தவரின் ஊர், தொழில், வயது அவற்றில் கிடைக்கும். கல்லறையை அதிகம் நம்ப வேண்டாம். ஜெர்மனியில் கல்லறை நிலம் பெரும்பாலும் 20, 30 ஆண்டுக் குத்தகைதான். புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள்.

முதல் நாளிலிருந்தே ஆட்களுக்கு எண் கொடுங்கள். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை. அதோடு ஒன்று கூட்டினால் தாய். அப்படியென்றால் 6 அம்மாவின் அப்பா, 13 அவருடைய அம்மா. கெக்குலே எண்முறை எனப்படும் இதை ஜெர்மன் ஆய்வாளர் எல்லோரும் அறிவர். ஒரே வம்சத்தில் நான்கு யோஹான் கெயார்க் வரும்போது எந்த யோஹானைப் பற்றிப் பேசுகிறோம் என்ற குழப்பம் வராது.

ஊரை உறுதி செய்வது

நொய்ஷ்டாட், நொயன்கிர்ஷன் போன்ற பெயரில் டஜன் கணக்கில் ஊர்கள் உண்டு. அருகிலுள்ள ஆறு, மாவட்டம் அல்லது பெரிய நகரத்தின் பெயர் சேராமல் ஊர்ப்பெயர் பயன்படாது. இதற்குக் கைகொடுப்பது மையர்ஸ் ஊர் அகராதியின் 1912–13 பதிப்பு. ஜெர்மன் பேரரசின் ஊர்களை, சிற்றூர்வரை, எந்த மாவட்டம், எந்தப் பதிவு அலுவலகம், அங்கே கோயில் உண்டா என்ற விவரத்தோடு பட்டியலிடுகிறது. வரைபடத்தோடு இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கோம்ப்கென் என்ற வம்சாவளி ஆய்வாளர் சங்கத்தின் ஊர்ப்பெயர்த் தரவுத்தளம், ஓர் ஊர் எந்தக் காலத்தில் எந்தச் சபைக்கு உட்பட்டிருந்தது என்பதையும் காட்டும்.

இது ஏன் முக்கியம்? சிற்றூர்கள் பலவற்றில் கோயிலே கிடையாது. ஐந்தாறு ஊர்கள் சேர்ந்து ஒரு தாய்ச்சபையில் ஞானஸ்நானம் பெற்றன. கத்தோலிக்கரின் சபை வட்டாரம் (பங்கு) ஓரிடம், புராட்டஸ்டண்ட் பிரிவான லுத்தரன் சபையினரின் வட்டாரம் (சேகரம்) வேறிடம் என்பது வழக்கம். சிறுபான்மையினருக்குச் சொந்தக் கோயில் அமையும்வரை எதிர்ப்பிரிவின் பதிவேட்டிலேயே அவர்களை எழுதியதும் உண்டு. லுத்தரன் புத்தகத்தில் கிடைக்காத குடும்பத்தைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பதிவேட்டில் பார்ப்பது வீண்வேலை அல்ல.

எல்லைகளும் நகர்ந்திருக்கின்றன. தஞ்சாவூர் மன்னர் சரபோஜிக்கு வழிகாட்டியாக இருந்த மிஷனரி சுவார்ட்ஸ் 1726இல் பிறந்த ஊர் பிராண்டன்பர்க்கின் சொனன்பர்க். இன்றைய வரைபடத்தில் அது போலந்து நாட்டின் சுவோன்ஸ்க். பிரெஸ்லாவ் இன்று விராட்ஸ்வாவ். ஷ்டெட்டின் இன்று ஷ்செட்சின். பழைய ஜெர்மன் பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னோர் வெளிநாடு போனவரானால், போன நாட்டின் ஆவணங்களில்தான் ஊர் கிடைக்கும்: அங்கே நடந்த திருமணப் பதிவு, இறப்பறிவிப்பு, குடியுரிமை விண்ணப்பம். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை உள்ளன. அவற்றில் வருவது கடைசியாக வாழ்ந்த இடம். பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. பிரேமன் வழியாகப் போனவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1920க்குப் பிந்தியவை ஒரு பகுதி எஞ்சியிருக்கின்றன.

இலங்கைப் பறங்கியர் குடும்பங்களுக்குத் தனி வழி உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களிலும் மாலுமிகளிலும் ஜெர்மானியர் ஏராளம். 18ஆம் நூற்றாண்டுக் கப்பல் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரிலுள்ள தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர்வாரியாக இணையத்தில் தேடலாம். ஆளின் பெயரோடு சொந்த ஊரும் எழுதியிருக்கும். டச்சு எழுத்தர் காதால் கேட்டபடி எழுதியது அது. ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகு அகராதியில் தேடுங்கள்.

அரசுப் பதிவேடுகள்

பதிவு அலுவலகத்தின் பெயர் ஷ்டாண்டஸாம்ட். ஜெர்மானிய அரசுகளில் மிகப் பெரியதான பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதலும், பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1 முதலும் பிறப்பு, திருமணம், இறப்பு அங்கே கட்டாயமாகப் பதிவானது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதிகளில் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. ரைன் ஆற்றின் இடக்கரையில், அதாவது கொலோன், ஆகன், ட்ரியர், மைன்ஸ் பக்கம், 1798 முதலே அரசுப் பதிவு உண்டு. அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர்ப் பட்டியலும் இருப்பதால் தேடுவது மிகச் சுலபம். பாடன் பகுதியில் 1810 முதல் 1870 வரை போதகர்களே அரசுக்காகவும் பிரதி எழுதித் தந்தார்கள். அவை பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலக் காப்பகத்தின் தளத்தில் இலவசம்.

மூன்று வகைப் பதிவில் அதிகம் தருவது திருமணப் பதிவுதான். மணமக்கள் பிறந்த தேதியும் ஊரும், சமயம், தொழில், வசிப்பிடம், இரு பக்கப் பெற்றோரின் பெயர், தாய்மார்களின் பிறந்த வீட்டுப் பெயர், சாட்சிகளின் வயது என்று ஒரே தாளில் இரண்டு தலைமுறை. பிறப்புப் பதிவில் பெற்றோரின் பெயரும் முகவரியும் இருக்கும். இறப்புப் பதிவுதான் பலவீனமானது. சொன்னவர் அண்டை வீட்டுக்காரராகவோ மருத்துவமனை ஊழியராகவோ இருந்தால், இறந்தவரின் பெற்றோர் பெயர் தவறாகவோ ‘தெரியவில்லை’ என்றோ இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் பின்னாளில் சேர்த்த குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். பிறப்புப் பக்கத்து ஓரத்தில் அவர் எங்கே மணமுடித்தார், எங்கே இறந்தார் என்பது எண்ணோடு எழுதியிருக்கலாம்.

2009 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணப் பதிவு 80 ஆண்டும், இறப்புப் பதிவு 30 ஆண்டும் அலுவலகத்திலேயே மூடி வைக்கப்படும். கெடு முடிந்தவை நகர, மாவட்ட அல்லது மாநிலக் காப்பகத்துக்குப் போய், யாரும் பார்க்கக்கூடியவை ஆகும். 1912இல் பிறந்தவரின் பதிவு 2022 முடிந்ததும் திறந்துவிட்டது. கெடு முடியாத பதிவை வாழ்க்கைத்துணையும் நேர் வாரிசுகளும் கேட்டுப் பெறலாம். உறவைக் காட்டும் சான்றிதழ்களின் சங்கிலியை இணைக்க வேண்டும். புதியவர்கள் பலர் மறந்துபோகும் குறுக்குவழி இது: பிறப்புப் பதிவு மூடியிருந்தாலும் அவருடைய இறப்புப் பதிவு திறந்திருக்கக்கூடும். அதில் பிறந்த ஊர் இருக்கும்.

கடிதம் எழுதும்போது ஒரு கடிதத்தில் ஓர் ஆளைப் பற்றி மட்டும் கேளுங்கள். முழுப்பெயர், தேதி அல்லது முன்பின் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி, ஊர், சமயம், உங்களுக்கு என்ன உறவு, கட்டணம் செலுத்தச் சம்மதம் என்ற வரி, இவ்வளவு போதும். கேட்க வேண்டியது புதிதாகத் தட்டச்சு செய்த சான்றிதழை அல்ல. ‘ஓரக் குறிப்புகளோடு பதிவேட்டுப் பக்கத்தின் நகல்’. சான்றிதழில் ஓரக் குறிப்பு, தகவல் தந்தவர் பெயர், கையெழுத்து எல்லாம் உதிர்ந்துவிடும். திருமணத்துக்கு முன் மணமக்கள் ஒப்படைத்த ஆவணங்களின் கோப்பும் எஞ்சியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேறு மாவட்டத்தில் பிறந்த மணமகனின் ஞானஸ்நானச் சான்று அதற்குள் இருக்கும்.

கோயில் பதிவேடுகள்

1874க்கு முந்திய வேலை பெரும்பாலும் இங்கேதான். புராட்டஸ்டண்ட் சபைகள் சிலவற்றில் 16ஆம் நூற்றாண்டிலேயே பதிவேடு தொடங்கியது. கத்தோலிக்கருக்கு 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் என்ற ஆயர்களின் மாநாடு ஞானஸ்நான, திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. இறப்புப் பதிவை 1614இன் சடங்கு நூல் சேர்த்தது. நடைமுறையில் முப்பதாண்டுப் போர் முடிந்த 1648க்குப் பிறகே பல ஊர்களில் தொடர்ச்சியான பதிவேடு கிடைக்கிறது. அதற்கு முந்தியவை எரிந்தன, அல்லது எழுத ஆளில்லை.

பதிவேட்டுப் பக்கங்களின் படங்களை இணையத்தில் பார்க்க முக்கியமாக மூன்று வாசல்கள். ஆர்கியோன் புராட்டஸ்டண்ட் மாநிலத் திருச்சபைகளின் தளம்; குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் பெயர் தேடல் இல்லை, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஆகவே எந்தச் சபை, எந்த ஆண்டுகள் உள்ளன என்பதை முதலில் இலவசமாகப் பார்த்துக்கொண்டு, தேட வேண்டியதைப் பட்டியலிட்ட பிறகே பணம் கட்டுங்கள். மாட்ரிகுலா இலவசம்; பாசாவ், மூன்ஸ்டர், பாடர்போர்ன் போன்ற கத்தோலிக்க மறைமாவட்டங்கள் அதில் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் இலவசம், பெயரைத் தட்டித் தேடலாம். சில படங்களை அதன் மையங்களில் மட்டுமே திறக்க முடியும். அதன் பெயர்ப் பட்டியலைத் தடயமாக மட்டும் கொள்ளுங்கள். பட்டியல் தயாரித்தவர் படித்ததைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள். படத்தைப் பார்க்கும்வரை அது சான்று ஆகாது. தேடலுக்கு முன் அந்த ஊருக்கு ‘ஊர்க் குடும்பநூல்’ வெளிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் ஊரின் பதிவேடுகள் முழுவதையும் குடும்பவாரியாகத் தொகுத்த நூல் அது. பல ஊர்களுக்குரிய நூல்கள் கோம்ப்கென் தளத்தில் உண்டு.

தேடும் வரிசை இப்படி. 1821இல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பதிவு கிடைத்துவிட்டது, பெற்றோர் பெயர் இருக்கிறது என்று கொள்வோம். உடனே தந்தையின் பிறப்பைத் தேடத் தாவாதீர்கள். முதலில் அதே பெற்றோரின் மற்றப் பிள்ளைகள் எல்லோரையும், முன்னும் பின்னும் புரட்டி, எழுதுங்கள். மூத்த பிள்ளை 1814 என்றால் திருமணம் பெரும்பாலும் அதற்கு ஓரிரு ஆண்டு முன்பு. திருமணம் வழக்கமாகப் பெண்ணின் ஊர்க் கோயிலில் நடக்கும். இந்தச் சபையில் இல்லாவிட்டால் சுற்றியுள்ள சபைகளில் பாருங்கள். ஓலை வாசித்தது, அதாவது நடக்கவிருக்கும் திருமணத்தைக் கோயிலில் அறிவித்தது, இரு ஊர்ச் சபைகளிலும் பதிவாகியிருக்கும். மாப்பிள்ளை ஊரின் ஓலைக் குறிப்பே பெண்ணின் ஊரைக் காட்டிக்கொடுக்கும். திருமணப் பதிவில் இரு தந்தையரின் பெயரும் ஊரும் தொழிலும் வரும். அதன் பிறகுதான் மணமக்களின் ஞானஸ்நானம்; திருமணத்துக்கு 20 முதல் 35 ஆண்டு முன்பு தேடுங்கள். கடைசியாக இறப்புப் பதிவைப் பார்த்துச் சரிபாருங்கள்.

இறப்புப் பதிவில் வயது ஆண்டு, மாதம், நாள் கணக்கில் இருப்பதுண்டு. 1823 மார்ச் 14இல் இறந்தவருக்கு 61 ஆண்டு 4 மாதம் 20 நாள் என்றால், முதலில் ஆண்டைக் கழியுங்கள்: 1762 மார்ச் 14. பிறகு மாதம்: 1761 நவம்பர் 14. பிறகு நாள்: 1761 அக்டோபர் 25. ஞானஸ்நானப் பதிவு ஓரிரு நாள் தள்ளியிருந்தால் ஆள் அவரே. வயதானவரின் வயது ஐந்து, பத்து ஆண்டு பிசகுவதும் சகஜம். அதை வைத்து மட்டும் ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது.

ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகச் சாட்சி நிற்கும் ஞானப் பெற்றோரின் பெயரை எழுதாமல் விடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறப்புகள் அல்லது நெருங்கிய அண்டை வீட்டார். குழந்தைக்கு வைக்கும் பெயரும் பல இடங்களில் அவர்களுடையதே. ஒரே பெயரில் இரண்டு தம்பதியர் ஊரில் இருந்தால் எந்தப் பிள்ளை யாருடையது என்று பிரிப்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. லுத்தரன் பகுதிகளில் 14 வயதையொட்டிய திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) பட்டியல்களும், வூர்ட்டம்பெர்க்கில் 1808 முதல் எழுதிய குடும்பப் பதிவேடுகளும் இதே வேலைக்கு உதவும். பின்னதில் ஒரு குடும்பம் முழுவதும், தாத்தா பாட்டி பெயரோடு, ஒரே இடத்தில் இருக்கும்.

கையெழுத்து

பயமுறுத்துவது குர்ரெண்ட் எழுத்து. 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை ஜெர்மானியர் கையால் எழுதியது அதில்தான். அதன் எளிய வடிவமான சுட்டர்லின் 1941இல் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஈ, என், எம், யூ நான்கும் மேலும் கீழும் போகும் கோடுகளாகவே தெரியும். யூவின் தலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். எம், என் மேல் நேர்கோடு இருந்தால் அந்த எழுத்தை இரட்டிக்க வேண்டும். சொல்நடுவில் வரும் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். நல்ல காலமாக, குடும்பப் பெயரையும் ஊர்ப்பெயரையும் பல போதகர்கள் தெளிந்த லத்தீன் எழுத்தில் எழுதினார்கள்.

1870களின் அரசுப் பதிவில் தொடங்குங்கள். அங்கே அச்சிட்ட படிவம் இருப்பதால் எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரியும். பிறகு பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு போதகரின் கைக்கும் தனித்தனி அகரவரிசை தயாரித்துக்கொள்ளுங்கள். மாதப் பெயர், அந்த ஊர்ப்பெயர், அடிக்கடி வரும் குடும்பப் பெயர் ஆகியவற்றில் எழுத்தின் உருவம் உறுதியாகத் தெரியும். அதை வைத்துப் புரியாத சொல்லை உடையுங்கள். உங்களுக்குத் தேவையான பதிவுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதிவுகளைப் படித்தால் அந்தக் கை பழகிவிடும். டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கணினிக் கருவி முதல் வரைவு தரும். பெயரிலும் எண்ணிலும் அதை நம்பிவிடாதீர்கள், அது அதிகம் தவறுவது அங்கேதான்.

ஆளை மாற்றிவிடும் பொறிகள்

தேதி முதலில். பழைய பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் ஞானஸ்நான நாள். பிறப்பு அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு. 7பெர், 8பெர், 9பெர், 10பெர் என்று எழுதியிருந்தால் அவை செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஏழாம் மாதம் என்று ஜூலையில் வைத்துவிடாதீர்கள். கத்தோலிக்கப் பகுதிகள் 1580களிலேயே இன்றைய கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறின. புராட்டஸ்டண்ட் அரசுகள் பெரும்பாலும் 1700இல்தான் மாறின. அங்கே பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1. இடைப்பட்ட காலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் 10 நாள் வித்தியாசம் உண்டு. ரைன் இடக்கரையில் 1805 முடியும்வரை பிரெஞ்சுக் குடியரசு நாள்காட்டி வரும். மாற்றும் அட்டவணை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பெயர் அடுத்தது. வீட்டில் மகன்கள் எல்லோருக்கும் முதற்பெயர் யோஹான் என்றிருக்கும்; அழைத்தது இரண்டாவது பெயரால். யோஹான் அடாம் என்று ஞானஸ்நானம் பெற்றவர் திருமணத்தில் வெறும் அடாமாக வருவார். பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி சேரும். முல்லர் என்பவருடைய மகள் ‘முல்லரின்’ ஆவாள். முல்லர் என்றுதான் தேட வேண்டும். வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர், அந்தப் பண்ணையின் பெயரையே தன் குடும்பப் பெயராக்கிக்கொள்வார். ‘கெனாண்ட்’ (எனப்படும்) என்ற சொல் இடையில் வந்தால் அதற்கு முந்தியதும் பிந்தியதும் இரண்டுமே அவர் பெயர். கிழக்கு ஃபிரீஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நிலையான குடும்பப் பெயரே பலருக்கு இல்லை. நம்மூரைப் போலத் தந்தை பெயர்தான். தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது. 1761இல் ஒரு யோஹான் பீட்டர், 1764இல் அதே பெற்றோருக்கு இன்னொரு யோஹான் பீட்டர் என்றால் முதலாமவன் இறந்திருப்பான். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் சிறு சிலுவை இருக்கிறதா பாருங்கள். இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். இந்த ஒரு படியைத் தாண்டியவர்களின் வம்சமரத்தில் மூன்று வயதில் மறைந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

கிடைத்த ஒவ்வொரு பதிவுக்கும் காப்பகம், சபை, தொகுதி, ஆண்டு, பக்கம், வரிசை எண், படத்தின் எண் ஆகியவற்றை அப்போதே எழுதுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்பதையும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பார்த்தீர்கள் என்பதோடு எழுதுங்கள்.

பதிவேடு இல்லை என்று பதில் வந்தால்

பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். அரசுப் பதிவேட்டுக்கு இரண்டாம் படி உண்டு. அது வேறு கட்டடத்தில் வைக்கப்பட்டது. கோயில் பதிவேட்டுக்கும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பல அரசுகள் ஆண்டுதோறும் பிரதி கேட்டு வாங்கின; அவை மாநிலக் காப்பகங்களில் இருக்கின்றன. கிழக்குப் பகுதிகளான சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா ஆகியவற்றின் அரசுப் பதிவேடுகளில் எஞ்சியவை மூன்றாகச் சிதறியுள்ளன: கெடு முடியாதவை பெர்லின் ஷ்டாண்டஸாம்ட் 1இல், முடிந்தவை பெர்லின் மாநிலக் காப்பகத்தில், மற்றவை போலந்தில். போலந்தில் பிறப்புக்கு 100 ஆண்டும், திருமணத்துக்கும் இறப்புக்கும் 80 ஆண்டும் கெடு. முடிந்தவை அரசுக் காப்பகங்களின் தளத்தில் பெருமளவு இலவசம். அந்தப் பகுதிக் கத்தோலிக்கப் புத்தகங்களில் ஒரு பகுதி ரேகன்ஸ்பர்க் மறைமாவட்ட மையக் காப்பகத்துக்கும் (அவற்றில் பெரும்பாலானவை பின்னர் போலந்துக்குத் திருப்பித் தரப்பட்டன), புராட்டஸ்டண்ட் புத்தகங்களில் ஒரு பகுதி பெர்லினிலுள்ள புராட்டஸ்டண்ட் மையக் காப்பகத்துக்கும் வந்து சேர்ந்தன.

பிரதியும் இல்லாவிட்டால் சபையை விட்டு நிலத்துக்குப் போங்கள். வரிப் பட்டியல், பண்ணை கைமாறிய பத்திரம், கைவினைச் சங்கத்தின் பேரேடு, நகரக் குடியுரிமைப் பதிவு ஆகியவை மாநில, நகரக் காப்பகங்களில் கிடக்கின்றன. பண்ணை கைமாறும்போது தந்தை பெயர், மகன் பெயர், வெளியூர்போன தம்பிக்குக் கொடுக்க வேண்டிய பங்கு என எல்லாம் எழுதியாக வேண்டும். ஞானஸ்நானப் பதிவே இல்லாத மகனை அந்த ஒரு வரியால் நிலைநாட்டிவிடலாம்.